மேசை டிராயரில் தூங்கும் கையெழுத்து

மாதம் 20-ஆம் தேதி வந்தால் திண்டுக்கல் ஆடிட்டர் அலுவலகங்களில் மதியச் சாப்பாடு மூன்று மணியைத் தாண்டிவிடும். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை, பேகம்பூர் தோல் ஷாப், சின்னாளபட்டி ஜவுளி நிறுவனம் என்று எல்லோர் கணக்கும் ஒரே நேரத்தில் போர்ட்டலில் ஏறியாக வேண்டும். தனிநபர் கடை என்றால் செல்போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் வேலை முடிந்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் அது செல்லாது. பொறுப்பில் இருப்பவரின் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஆடிட்டரின் உதவியாளர் மேசை டிராயரை இழுக்கிறார். உள்ளே பென் டிரைவ் மாதிரியே இருக்கும் யுஎஸ்பி டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய துண்டுச் சீட்டு. சீட்டில் முதலாளியின் பெயர். பல சீட்டுகளில் பாஸ்வேர்டும் சேர்த்து.

அப்படி ஒரு நாளில் ஃபோனில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்.

"அண்ணே, உங்க டோக்கன் லாக் ஆயிருச்சு. பாஸ்வேர்டு என்ன போட்டிருந்தீங்க?"

"நான் எங்க தம்பி போட்டேன்? வாங்குனப்ப நீங்கதான போட்டுக் குடுத்தீங்க."

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் டோக்கன் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மீண்டும் பயன்படுத்த அதை 'இனிஷியலைஸ்' செய்ய வேண்டும். செய்தால் உள்ளே இருந்த சான்றிதழும் அதோடு அழிந்துபோகும். மறுபடி பணம் கட்டி, வீடியோ எடுத்து, புதிதாக வாங்க வேண்டியதுதான். கேமராவைப் பார்த்துப் பெயர் சொன்னதும் ஓடிபி சொன்னதும் மட்டுமே கையெழுத்துக்குச் சொந்தக்காரர் செய்த வேலை. மற்ற எல்லாவற்றையும் வேறு யாரோ செய்தார்கள். அந்த வேறு யாரோவும் பெரும்பாலும் கையால் செய்யவில்லை. ஒரு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டு, வந்த பெட்டிகளில் எல்லாம் 'யெஸ்' கொடுத்தார்.

இந்த 'யெஸ்' எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். டோக்கனுக்குள் இருப்பது சட்டப்படி ஒரு மனிதரின் கையெழுத்து. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோதே இதற்குப் பேனா கையெழுத்துக்குச் சமமான அந்தஸ்து கொடுத்துவிட்டது. கையெழுத்திடும் தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியது சந்தாதாரரின் கடமை என்று அதன் 42-ஆவது பிரிவு சொல்கிறது. அடுத்தவரின் மின்னணுக் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 66சி. டிராயரில் டோக்கன்களைக் கட்டிவைத்திருப்பது மோசடி என்று யாரும் சொல்லவில்லை, நம்பிக்கையில் நடக்கிறது. ஆனால் ஒரு கம்பெனியின் வெற்று லெட்டர் பேடில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்துவைக்கத் தயங்கும் முதலாளிதான், டோக்கனையும் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

சான்றிதழ் தருவதற்கென்று உரிமம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பெங்களூரின் இமுத்ரா, குஜராத்தின் என்கோட் போன்றவை. இவர்களுக்கு உரிமம் தருவது சிசிஏ எனப்படும் மத்திய அரசின் சான்றளிப்பாளர்களுக்கான கட்டுப்பாட்டாளர். சிசிஏவின் ரூட் சான்றிதழ் மேலே. அது கையெழுத்திட்ட நிறுவனச் சான்றிதழ் நடுவில். நிறுவனம் கையெழுத்திட்ட நம் சான்றிதழ் கடைசியில். சங்கிலியின் ஒரு கண்ணி தெரியாமல் போனாலும் கணினி முகத்தைச் சுளிக்கும். முன்பு கிளாஸ் 2, கிளாஸ் 3 என்று வகைகள் இருந்தன. 2021 ஜனவரி 1 முதல் கிளாஸ் 2 கிடையாது. சான்றிதழைத் திறந்து பார்த்தால் ஆளின் பெயர், மாநிலம், பின்கோடு எல்லாம் தெரியும். திண்டுக்கல் டவுன்காரர் என்றால் 624001 என்று இருக்கும். அதற்கருகில் நீளமான, பொருளற்றதுபோல் தோன்றும் எழுத்துச் சரம் ஒன்று. பான் எண்ணைக் கணிதமுறையில் அரைத்து எடுத்த ஹாஷ் அது. வருமான வரி போர்ட்டல் "இந்த டோக்கனும் இந்த பான் எண்ணும் ஒரே ஆளுடையதா" என்று ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு அடுத்தபடியாக டோக்கன் அதிகம் புழங்குவது ஒப்பந்தக்காரர்களிடம். ஊராட்சி ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைப் பாலம், மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் ஆகியவற்றின் டெண்டர்கள் இப்போது தமிழ்நாடு டெண்டர்ஸ் தளத்தில் வருகின்றன. தேசியத் தகவலியல் மையமான என்ஐசி உருவாக்கிய ஜெப்நிக் மென்பொருள் அதன் பின்னால் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்த காலத்தில் அரக்கு முத்திரை வைத்த கவர்கள்தான் பெட்டியில் விழுந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யாரைப் பெட்டி வரை நெருங்க விடுகிறார்கள் என்பதெல்லாம் பழைய ஒப்பந்தக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. இப்போது ஏலத்தொகையை ஏற்றும்போதே அது மறையாக்கம் செய்யப்படுகிறது. குறித்த நேரத்தில் திறப்பதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரிகள் தங்கள் டோக்கனைச் சொருகினால்தான் படிக்க முடியும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதை விளக்குவது சுலபம்: அதிகாரி திறந்த பூட்டுகளை ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்துவிட்டார்; யார் வேண்டுமானாலும் பெட்டியில் மாட்டி அமுக்கிவிடலாம்; சாவி மட்டும் அவர் மடியில். நாகல்நகரில் அடித்த மாங்காய்ப் பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், சாவி சீட்டுச் சுற்றி டிராயரில் கிடந்தால் என்ன பயன் என்பதையும் திண்டுக்கல்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இந்தச் சான்றிதழ் டோக்கனுக்குள்ளோ பிரவுசருக்குள்ளோ எப்படிப் போய்ச் சேருகிறது? நெடுங்காலம் அந்த வேலையை ஒரு வலைப்பக்கமே செய்தது. 1990-களில் நெட்ஸ்கேப் 'கீஜென்' என்ற ஒரு சிறு குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. பக்கத்தில் அது இருந்தால், பொத்தானை அழுத்தியதும் பிரவுசரே ஒரு சாவி ஜோடியை உருவாக்கும். தனிச்சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பொதுச்சாவியை மட்டும் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் சான்றிதழை பிரவுசர் அப்படியே உள்ளே போட்டுக்கொள்ளும். பயர்பாக்ஸில் "உங்கள் சான்றிதழ் நிறுவப்பட்டுவிட்டது, ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஒரு பெட்டி வந்து போகும். அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் வேறு பாதையில் போனது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடு ஒன்று: முதலில் எக்ஸ்என்ரோல், விஸ்டாவுக்குப் பிறகு சர்ட்என்ரோல். பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கூப்பிட்டு, "இந்த டோக்கனில், இத்தனை பிட் நீளத்தில், ஒரு சாவி உருவாக்கு" என்று சொல்லும். இந்தியாவில் டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கியவர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள். இதைச் செய்துகொடுத்த கணினிக் கடைக்காரர்களுக்கு அந்தச் சடங்கு இன்றும் மனப்பாடம். தளத்தை டிரஸ்டட் சைட் பட்டியலில் சேர், ஆக்டிவ்எக்ஸ் என்று தொடங்கும் அமைப்புகளை எல்லாம் எனேபிள் ஆக்கு, டோக்கனைச் சொருகு, பட்டியலில் டோக்கனின் பெயரைத் தேர்ந்தெடு. அப்போது விண்டோஸ் ஒரு மஞ்சள் முக்கோணப் பெட்டியைக் காட்டும்: இந்தத் தளம் உங்கள் சார்பில் ஒரு சான்றிதழ் வேலையைச் செய்யப் பார்க்கிறது, தெரிந்த தளமாக இருந்தால் மட்டும் அனுமதியுங்கள் என்று. அதை நின்று படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பக்கத்தில் நின்ற உதவியாளர் "யெஸ் குடுங்கண்ணே" என்று சொல்வார். கொடுத்துவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் எனேபிள் ஆக்கிய அமைப்புகளைத் திரும்ப மாற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அந்தக் கணினியில் அடுத்த நாள் பையன் சினிமாப் பாட்டு டவுன்லோட் செய்ய எந்தத் தளத்துக்குப் போனாலும், கதவு திறந்தே கிடக்கும். சான்றிதழ் நிறுவும் ஸ்கிரிப்ட்டால் வந்த கேடு அந்தச் சான்றிதழோடு நின்றுவிடவில்லை.

2015-இல் குரோம் குழுவைச் சேர்ந்த ரயன் ஸ்லீவி, கீஜென் குறிச்சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று முன்மொழிந்தார். எங்கோ இருக்கும் ஒரு வலைப்பக்கம் பயனரின் கணினியில் நிரந்தரமாக ஒரு சாவியையும் சான்றிதழையும் விட்டுப்போவது சரியல்ல. உள்ளே இருந்த கணிதமும் எம்டி5 என்ற வலுவிழந்த பழைய ஹாஷ் முறையின் காலத்தது என்பது அவர் வாதம். எதிர்த்தவர் சாதாரண ஆள் அல்ல: வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ. பாஸ்வேர்டு இல்லாமல் மனிதர்கள் தங்களை நிரூபித்துக்கொள்ள இருக்கும் வழியை, மாற்று கொடுக்காமல் பிடுங்காதீர்கள் என்பது அவர் பக்கம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவு ஸ்லீவி பக்கம் போனது. 2017-இல் வெளிவந்த குரோம் 57-இல் கீஜென் இல்லை. பயர்பாக்ஸ் 2019-இல் 69-ஆம் பதிப்போடு கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது.

அதே காலத்தில், பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரலான ஜாவா ஆப்லெட்டும் போனது. இந்திய அரசுத் தளங்கள் பல அதன்மேல்தான் நின்றன. குரோம் 2015-இல் அது நம்பியிருந்த செருகுநிரல் வகையையே நிறுத்தியது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ஆம் பதிப்பில். பிறகு நடந்தது நம்மூர் சாமர்த்தியம். பழைய பயர்பாக்ஸ் ஒன்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, அப்டேட்டை நிறுத்தி, டெஸ்க்டாப்பில் "டெண்டர் மட்டும்" என்று ஷார்ட்கட் வைத்துக்கொண்டார்கள். கடைகளில் பென் டிரைவில் அதைப் பத்திரமாக வைத்திருந்து யார் கேட்டாலும் போட்டுக்கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக பிரவுசர் நிறுவனங்கள் எடுத்த முடிவு, பாதுகாப்பே இல்லாத பழைய பிரவுசரில் கோடிக்கணக்கான ரூபாய் டெண்டர்களைப் போட வைத்தது. பிரவுசர்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; மாற்றுவழி தயாராகும் முன்பே தளங்களுக்குத் தேதி வந்துவிட்டது.

இன்றைய வழி வேறு. பிரவுசருக்கு டோக்கனைத் தொடும் உரிமை கிடையாது என்பதால், கணினியிலேயே ஒரு சிறு மென்பொருளை நிறுவச் சொல்கிறார்கள். இஎம்சைனர், இஎம்பிரிட்ஜ் என்ற பெயர்களை ஆடிட்டர் அலுவலகங்களில் தினமும் கேட்கலாம். அது பின்னணியில் ஓடிக்கொண்டு, அதே கணினிக்குள் ஒரு குட்டி சர்வர்போல் காத்திருக்கும். வலைப்பக்கத்தின் ஸ்கிரிப்ட் 127.0.0.1 என்ற முகவரியில் கதவைத் தட்டும். எந்தக் கணினியிலும் அந்த முகவரிக்கு "இதே கணினி" என்றுதான் பொருள். ஜிஎஸ்டி தளத்தின் வழிகாட்டியில் 1585 என்ற போர்ட் எண் இருக்கும். அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் சிவப்பு எச்சரிக்கை வரும்; "அட்வான்ஸ்டு" அழுத்தி, ஆபத்து என்று பிரவுசர் சொன்னாலும் பரவாயில்லை என்று உள்ளே போக வேண்டும். அரசுத் தளமே சொல்லித்தரும் வழி இது. அதில் தவறில்லை, அந்த முகவரி நம் கணினிதான். ஆனாலும் சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நாடு முழுக்கக் கணக்கர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுவே.

எச்சரிக்கை வராமல் செய்ய இன்னொரு வழி உண்டு. மென்பொருளை நிறுவும்போதே ஒரு ஸ்கிரிப்ட், அந்தக் குட்டி சர்வரின் சான்றிதழை நம்பத்தகுந்தவை பட்டியலில் சேர்த்துவிடுவது. இங்கேதான் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. சான்றிதழ் நிறுவுவது என்று பொதுவாகச் சொன்னாலும், ஒன்று நம்மை அடையாளம் காட்டும் நம் சொந்தச் சான்றிதழ். அது விண்டோஸில் 'பர்சனல்' பிரிவுக்குள் போகும். அதைத் தவறாக நிறுவினால் அதிகபட்சம் லாகின் ஆகாது. இன்னொன்று ரூட் சான்றிதழ். அதை நிறுவினால், அந்த ரூட் கையெழுத்திட்ட எதையும் இந்தக் கணினி இனிக் கேள்வி கேட்காமல் நம்பும், பேங்க் தளம் உட்பட.

இந்த இரண்டாவது வேலையில் விண்டோஸ் நடந்துகொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. சாதாரணப் பயனராக, தன் கணக்கில் மட்டும் ஒரு ரூட் சான்றிதழைச் சேர்த்தால் விண்டோஸ் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டி, ரேகைபோல ஒரு நீண்ட எண்ணை எழுதி, உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்கும். அதையே விண்டோஸின் சர்ட்யுட்டில் என்ற கட்டளைக் கருவியால் அட்மினிஸ்ட்ரேட்டராக, முழுக் கணினிக்கும் சேர்த்துச் செய்தால் ஒரு பெட்டியும் வராது. கறுப்பு ஜன்னலில் "வெற்றிகரமாக முடிந்தது" என்ற ஒரு வரி, அவ்வளவே. "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க" என்று கடைக்காரர் சொல்வதன் வசதி அதில் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

பயர்பாக்ஸ் 2023 வரை தனிக்குடித்தனம். விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலைத் தானாக நம்பாமல் தன் புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கும் சொந்தப் பட்டியலை மட்டும் பார்த்தது. அதனால் அதற்கென ஸ்கிரிப்ட் எழுதியவர்கள், அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் சர்ட்யுட்டிலைத் தேடிப் போனார்கள். விண்டோஸின் கருவியும் மொசில்லாவின் கருவியும் ஒரே பெயரில் இருப்பதால், ஒன்றுக்கு எழுதிய கட்டளையை இன்னொன்றில் அடித்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்ட சிஸ்டம் அட்மின்கள் ஏராளம். சிலர் இன்னும் குறுக்குவழியாக, சரியாக வேலை செய்யும் ஒரு கணினியிலிருந்து சர்ட்8 என்ற தரவுக் கோப்பையே காப்பி செய்து எல்லாக் கணினியிலும் ஒட்டினார்கள். 2018 தொடக்கத்தில் 58-ஆம் பதிப்பு சர்ட்9 என்ற புதிய வடிவத்துக்கு மாறியதும் அந்த வித்தை செல்லவில்லை. பிறகு நிறுவனங்களுக்கென 'பாலிசிஸ்' கோப்பு ஒன்றில் இரண்டு வரி எழுதினால் போதும் என்றானது. விண்டோஸ் பட்டியலில் நிர்வாகி சேர்த்த ரூட்களை பயர்பாக்ஸும் எடுத்துக்கொள்ளும். டோக்கனைப் பொறுத்தவரை, 2021-இல் வந்த 90-ஆம் பதிப்பு முதல் விண்டோஸில் தெரியும் சான்றிதழ்கள் பயர்பாக்ஸிலும் தானாகத் தெரிகின்றன. அதற்குமுன் டோக்கன் கம்பெனியின் மாட்யூலைக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது.

ரூட் சான்றிதழ் பற்றி இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். 2014 ஜூலையில் நடந்ததைப் பார்க்கலாம். சம்பந்தப்பட்டது நம் என்ஐசிதான். சிசிஏவின் கீழ் என்ஐசியும் ஒரு சான்றளிப்பாளராக இருந்தது. ஜூலை 2-ஆம் தேதி கூகுள் ஒரு விஷயத்தைக் கவனித்தது: தன்னுடைய டொமைன்களின் பெயரில், தான் கேட்காமலே, என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழின் கீழ் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. அப்படி ஒரு சான்றிதழை வைத்திருப்பவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'இதுதான் ஜிமெயில்' என்று காட்டினால் விண்டோஸ் கணினி நம்பிவிடும். ஏனென்றால் மைக்ரோசாஃப்டின் ரூட் பட்டியலில் அப்போது சிசிஏ இருந்தது. மறுநாளே சிசிஏ என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்ஐசியின் வழங்கும் நடைமுறையே ஊடுருவப்பட்டது என்றும், தவறாக வெளியானவை நான்கு என்றும் தெரிவித்தது. நான்கில் அடங்காதவையும் தன் கண்ணில் பட்டிருப்பதாக கூகுள் சொன்னது. அதன் பிறகு குரோம், சிசிஏவின் கீழ் வரும் சான்றிதழ்களை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி முதலிய ஏழு டொமைன்களுக்கு மட்டும் ஏற்பது என்று வரம்பு கட்டியது. பயர்பாக்ஸ் பயனர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பட்டியலில் சிசிஏ இடம்பெற்றதே இல்லை.

அந்த நாளில் தாங்களே சிசிஏ ரூட்டை ஸ்கிரிப்ட் மூலம் பயர்பாக்ஸில் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்திருக்காது. அவர்கள் அதைச் சேர்த்ததும் நல்ல காரணத்துக்காகத்தான், டெண்டர் தளம் திறக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்த ஆண்டே இதே ஆபத்து வேறு வடிவில் வந்தது. 2015 பிப்ரவரியில், லெனோவா தன் லேப்டாப்புகளில் முன்பே நிறுவியிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஒரு ரூட் சான்றிதழைச் சத்தமில்லாமல் சேர்த்திருப்பது வெளியானது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரூட், ஒரே தனிச்சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற ஆய்வாளர் அந்தச் சாவியைக் காத்த பாஸ்வேர்டை வெகு சீக்கிரம் கண்டுபிடித்தார்: மென்பொருளைச் செய்துகொடுத்த கொமோடியா கம்பெனியின் பெயரேதான். அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளிலும் இடெல்ரூட் என்ற பெயரில் இதுபோன்ற ஒன்று அகப்பட்டது. நம் உள்ளூர் உதவி மென்பொருள்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 127.0.0.1-க்காக நிறுவப்படும் சான்றிதழ் ஒவ்வொரு கணினியிலும் தனியாக, அந்தக் கணினியிலேயே உருவாக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாவியை இன்ஸ்டாலருக்குள் வைத்து அனுப்பினால், பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு அது போதும்.

கல்லூரி வளாகங்களிலும் இந்த ஸ்கிரிப்ட்கள் உலவுகின்றன. ஃபயர்வால் கருவி மாணவர்கள் போகும் தளங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், அதன் ரூட் சான்றிதழ் ஒவ்வொரு லேப்டாப்பிலும் இருக்க வேண்டும். லேபில் உள்ள கணினிகளில் நிர்வாகம் அதைச் செய்வது அதன் உரிமை. மாணவரின் சொந்த லேப்டாப்பில் "வைஃபை வேணும்னா இந்த ஃபைலை டபுள் கிளிக் பண்ணு" என்று ஒரு பேட்ச் ஃபைலைக் கொடுப்பது வேறு கதை. படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகும் அந்த ரூட் லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

டோக்கனே இல்லாத வீடுகளுக்கும் இந்தக் கேள்வி வரும், ஆதார் பிடிஎஃப் வழியாக. டவுன்லோட் செய்து பெயரின் முதல் நான்கு எழுத்தையும் பிறந்த ஆண்டையும் போட்டுத் திறந்தால், கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். பச்சை டிக் இல்லையென்றால் வாங்க மாட்டேன் என்று சில கவுன்டர்களில் திருப்பி அனுப்புவதும் உண்டு. கேள்விக்குறி கையெழுத்து போலி என்று சொல்லவில்லை. கையெழுத்திட்டவரை இந்த மென்பொருளுக்கு அறிமுகம் இல்லை என்று மட்டும் சொல்கிறது. ஆதார் வழங்கும் யுஐடிஏஐ கொடுக்கும் வழிமுறை, அதன்மேல் வலது கிளிக் செய்து, சான்றிதழைத் திறந்து, சங்கிலியில் அது குறிப்பிடும் சான்றளிப்பாளரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு நம்பத்தகுந்தவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. நடுவில் வரும் "பெயர் இருக்கிறதா என்று பார்த்து" என்ற படிதான் முக்கியம். பிரவுசிங் சென்டர்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் அதுதான்.

ஸ்கிரிப்ட் வேண்டாம் என்பதற்கில்லை. நாற்பது கணினி உள்ள ஒரு மில் அலுவலகத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறக்குமதி செய்தால் ஒரு நாள் போகும், அதிலும் நாலு கணினியில் தப்பாக நுழையும். கவனமாக எழுதியவரின் ஸ்கிரிப்டை அடையாளம் காண்பது கஷ்டமில்லை: எந்தச் சான்றிதழை எந்தப் பிரிவில் சேர்க்கிறது என்று முதலிலேயே எழுதியிருக்கும்; கோப்பின் ரேகையை, வழங்கிய நிறுவனத்தின் தளத்தில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்; திரும்ப நீக்குவதற்கும் ஒரு வழி வைத்திருக்கும். சான்றிதழும் தனிச்சாவியும் சேர்ந்த பிஎஃப்எக்ஸ் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் ஒரே பேட்ச் ஃபைலில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுபவரிடம் இந்த மூன்றையும் எதிர்பார்க்க முடியாது.

சொந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி 'சர்ட்எம்ஜிஆர் டாட் எம்எஸ்சி' என்று அடித்தால் பட்டியல் திறக்கும். 'பர்சனல்' என்பதன் கீழ் உங்கள் பெயர் இருக்கலாம். வேறொருவர் பெயர் இருந்தால், பெரும்பாலும் அவருடைய டோக்கன் எப்போதோ இங்கே சொருகப்பட்டிருக்கும். அப்படியென்றால் சாவி டோக்கனோடு போய்விட்டதால் அதனால் கெடுதல் இல்லை. 'டிரஸ்டட் ரூட்' பிரிவில் உலக நிறுவனங்களின் பெயர்களுக்கு நடுவே பழைய கல்லூரியின் ஃபயர்வால், என்றோ எடுத்துப்போட்ட மென்பொருள், பெயரே இல்லாத ஏதோ ஒன்று என்று கண்ணில் பட்டால், அதை யார், எதற்காகப் போட்டார்கள் என்று விசாரித்து நீக்கலாம். பயர்பாக்ஸில் செட்டிங்ஸின் பிரைவசி பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். அண்மைக்காலமாக குரோமும் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறது: வலைத்தளம் இந்தக் கணினியிலோ உள்ளூர் நெட்வொர்க்கிலோ உள்ளவற்றைத் தொட அனுமதிக்கலாமா என்று. இங்கே 'பிளாக்' கொடுத்துவிட்டு "டோக்கன் எடுக்கலை" என்று தவிப்பவர்கள் உண்டு. முகவரிப் பட்டையில் இருப்பது உண்மையான அரசுத் தளம் என்று பார்த்துவிட்டு அனுமதிக்கலாம்.

டோக்கன் தொலைந்தால் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே சொல்லி ரத்து செய்ய வேண்டும். ரத்தான எண்கள் ஒரு பொதுப் பட்டியலில் ஏறி, அதைச் சரிபார்க்கும் போர்ட்டல்கள் அந்தக் கையெழுத்தை ஏற்பதை நிறுத்தும். காலாவதியானால் புதிய சான்றிதழை ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். டெண்டர் திறக்கும் பொறுப்பில் உள்ள பொறியாளர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அவர்கள் டோக்கனில் கையொப்பச் சான்றிதழோடு மறையாக்கச் சான்றிதழும் இருக்கும். முதலாவது காலாவதியானால் இன்னொன்று வாங்கிப் புதிதாகக் கையெழுத்துப் போடலாம். இரண்டாவதற்கு உரிய சாவி அழிந்தால், அந்தச் சாவிக்காக மறையாக்கம் செய்த ஏலங்களை அவரால் திறக்க முடியாது, புதுச் சான்றிதழ் வாங்கினாலும். அதனால் மாற்றலாகிப் போகும்போதும் புதுப்பிக்கும்போதும், திறக்க வேண்டிய டெண்டர் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய டோக்கனைத் துடைக்கக் கொடுக்க வேண்டும்.